நாள் சொல்லாத நிலம்

நுழையும்முன்

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆனால், எங்கே வரும், எவ்வளவு பெரிதாக வரக்கூடும், எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வந்துள்ளது என்பவற்றை அறிய இயலும். நாள் தெரியாத ஒன்றுக்கு ஆயத்தமாவது எப்படி என்பதை மானாவாரி உழவர் நன்கு அறிவர். அவ்வறிவு கடற்கரைக்கும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கரிசலும் கடலும்

எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள கரிசல் நிலம் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழையும் அகலத்திற்கு நிலம் வாய் பிளந்து கிடக்கும். மழையில் ஊறி விரிந்த களிமண், ஈரம் வற்றியதும் சுருங்குவதால் அவ்வெடிப்பு தோன்றுகிறது. முதல் பெருமழையில் அது தானே மூடிக்கொள்ளும். ஆகவே, நிலம் அசையாப் பொருளன்று என்பது கரிசல்காட்டு மக்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும், அந்த வெடிப்பு மேல்மண்ணோடு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே பல கிலோமீட்டர் ஆழத்தில் நிகழும் அசைவு, வேறு வகையானது, வேறு கணக்கிற்குரியது.

கோவில்பட்டிப் பகுதி நிலநடுக்கத்திற்குப் பெயர்பெற்ற இடமன்று. இங்குள்ள மாணவர் ஒருவர், 'வங்கக் கடலுக்கு அப்பால் நிலம் நடுங்கினால் நமக்கென்ன?' என்று கேட்கலாம். எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின்போது, இலங்கைத் தீவு குறுக்கே நின்றதால் தூத்துக்குடிக் கரை பேரிழப்பிலிருந்து பெருமளவு தப்பியது. அதே அலை இலங்கையின் தென்முனையை வளைந்து சென்று, கன்னியாகுமரி மாவட்டத்தின் கொளச்சலையும் மணக்குடியையும் தாக்கியது. ஒரு கரை பிழைத்தது நில அமைப்பின் தற்செயல். மக்களின் ஆயத்தத்தால் விளைந்ததன்று. தற்செயலை நம்பி ஒரு மாநிலம் தன் கடற்கரையை விட்டுவைக்கலாமா என்பதே நாம் எண்ண வேண்டிய வினா.

அகழியின் இயல்பு

மியான்மர்க் கரைக்கு அப்பால் தொடங்கி, அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு மேற்கே இறங்கி, சுமத்திராவையும் சாவகத்தையும் ஒட்டி வளைந்து செல்கிறது ஓர் ஆழ்கடல் அகழி. ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடைய இதனைச் சுந்தா அகழி என்பர். இந்தியப் பெருங்கடலின் தரையைத் தாங்கும் புவித்தட்டு இவ்வகழியில்தான் கிழக்கிலுள்ள தட்டின் அடியில் அமிழ்கிறது. சுமத்திராவின் அருகே அதன் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே மிகுதி.

அமிழும் தட்டு வழுக்கிச் சென்றால் தீங்கில்லை. ஆனால், இரு தட்டுகளும் உரசும் பரப்பு பல இடங்களில் இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தட்டு உள்ளே செல்லச் செல்ல, மேல்தட்டின் விளிம்பும் அதனுடன் இழுபட்டு, வில்லைப் போல் வளைகிறது. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் 200 ஆண்டுகள் சேர்ந்தால் அது 10 மீட்டர். பற்று ஒருநாள் அறும்போது, இரு நூற்றாண்டுகளின் கடன் சில நிமிடங்களில் தீர்க்கப்படுகிறது. மேல்தட்டின் விளிம்பு நிமிர்கிறது. அதன்மேல் நிற்கும் கடல்நீர் முழுவதும் உயர்த்தப்படுகிறது. ஆழிப்பேரலையின் பிறப்பு இதுவே.

2004இல் நிகழ்ந்த நடுக்கத்தின் அளவு 9.1. சுமத்திராவின் வடமேற்கில் தொடங்கிய முறிவு, வடக்கு நோக்கி அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பத்து நிமிடங்களுக்குள் பரவியது. பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் சென்றது. வட அந்தமானின் மேற்குக் கரையோ உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேலே வெளுத்துக் கிடந்தன. வளைந்த வில் நிமிர்ந்த தடங்கள் இவை.

பவளமும் மணலும் எழுதிய ஏடு

இத்தகைய அகழியை எப்படிக் கண்காணிப்பது? நிலநடுக்கமானிகள் உலகெங்கும் நிறுவப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுகளே ஆகின்றன. இந்நூறாண்டுக் குறிப்பை மட்டுமே நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே நில நடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலை, சென்னை முதலிய துறைமுகங்களின் கடல்மட்ட அளவிகளில் பதிவாயிற்று. சென்னையில் அதன் உயரம் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. 1941இல் அந்தமானில் மற்றொரு பெருநடுக்கம் நிகழ்ந்தது. இவ்விரண்டும் எட்டு என்னும் அளவை ஒட்டியவை. இவற்றை மட்டும் கண்டவர்கள், அந்தமான் பகுதியின் வலிமை இவ்வளவே என்று கருதியதில் வியப்பில்லை. 2004 அக்கருத்தைத் தகர்த்தது. குறுகிய ஏடு, தவறான துணிவைத் தருகிறது.

நீண்ட ஏட்டை எழுதி வைத்திருப்பவை பவளமும் மணலும். சுமத்திராவின் மேற்கே மெந்தாவாய்த் தீவுகளின் கரையோரம் வளரும் சிறு பவளப்பாறைகள், தாழ்ந்த ஓதத்தின் நீர்மட்டத்திற்கு மேல் வளர்வதில்லை. நிலம் மெல்லத் தாழ்ந்தால் பவளம் மேல்நோக்கி வளரும். நடுக்கத்தில் நிலம் திடீரென உயர்ந்தால் அதன் தலைப்பகுதி மடியும். மரத்தின் வளையங்களைப் போல் அதன் உடலிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெரி சீ என்னும் அறிஞரும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் அவற்றை அறுத்துப் படித்து, 700 ஆண்டுகால வரலாற்றை மீட்டெடுத்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அப்பகுதியில் பெருநடுக்கங்கள் கூட்டமாக நிகழ்ந்திருப்பதை அவை காட்டின. அத்தகைய முந்தைய கூட்டத்தில் 1797, 1833 ஆகிய ஆண்டுகளின் நடுக்கங்கள் அடங்கும்.

மணலின் சான்றும் இதைப் போன்றதே. ஆழிப்பேரலை கடல்மணலை உள்நாட்டுச் சேற்றின்மீது விரித்துச் செல்கிறது. பின்னர் அதன்மேல் மீண்டும் சேறு படிகிறது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் 2004ஆம் ஆண்டு மணல் படிவிற்குக் கீழே, அதைப் போன்ற பழைய படிவுகள் வெளிப்பட்டன. அவற்றுள் அண்மையது 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. நம் மாமல்லபுரக் கடற்கரையிலும் ஆய்வாளர்கள் பழங்காலக் கடற்பெருக்கின் படிவுகளைக் கண்டுள்ளனர். எழுதா ஏடாக மண் கிடக்கிறது. படிப்பதற்கு ஆள்தான் வேண்டும்.

2004க்குப் பின் அகழி உறங்கவில்லை. 2005 மார்ச் 28இல் நியாஸ் தீவருகே 8.6 அளவுள்ள நடுக்கம். 2007 செப்டம்பர் 12இல் பெங்குலு அருகே 8.4 அளவுள்ள நடுக்கம்; 2010 அக்டோபர் 25இல் மெந்தாவாய் அருகே மீண்டும் ஒரு நடுக்கமும் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அலையும் ஏற்பட்டன. 2007இன் நடுக்கம், மெந்தாவாய்ப் பகுதியில் 1833 முதல் சேர்ந்திருந்த இறுக்கத்தின் ஒரு பங்கையே விடுவித்தது. எஞ்சிய பங்கு இன்றும் தட்டின் வளைவில் உறைகிறது. அமைதியாகத் தோன்றும் பகுதியே மிகுதியாகக் கவனிக்கத்தக்க பகுதி என்பது இக்கண்காணிப்பு தந்த முதன்மையான பாடம்.

ஒழுங்கு வேறு, நாள் வேறு

ஒழுங்கு தெரிந்துவிட்டால் நாளைக் கணித்துவிடலாமே என்று தோன்றும். அவ்வாறு முயன்றதும் உண்டு. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டு என்னும் சிற்றூரில் 1857 முதல் 1966 வரை, சராசரியாக 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒத்த அளவுடைய நடுக்கங்கள் வந்தன. அடுத்தது 1993க்குள் வரும் என்று கணித்து, அறிவியலாளர்கள் கருவிகளுடன் காத்திருந்தனர். அது வந்தது 2004 செப்டம்பரில். நடுக்கம் வந்த இடம் பிசகவில்லை, அளவு பிசகவில்லை, காலம் மட்டும் பதினோராண்டுகள் பிசகியது. உலகில் மிகவும் ஒழுங்கானதாகக் கருதப்பட்ட இடத்திலேயே நிலைமை இதுவாயின், நாள் நேரத்துடன் கைப்பேசிகளில் உலவும் முன்னறிவிப்புகளுக்கு எம்மதிப்பும் இல்லை. அவற்றைப் பரப்புவது அறியாமை. சில வேளைகளில் குற்றமுமாகும்.

'நாள் சொல்ல முடியாத அறிவால் யாது பயன்? அதற்குப் பொருளும் உழைப்பும் செலவிடுவது ஏன்?' என்று வினவுவோர் உளர். இவ்வினாவிற்கான விடையைக் கரிசல்காட்டு உழவர் நெடுங்காலமாகச் செய்து காட்டி வருகின்றனர்.

இப்பகுதியின் வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழை விழுந்தபின் கரிசல்மண் குழைந்து, கலப்பை இறங்க விடாது. ஈரம் பதப்படும்வரை காத்திருந்தால் பருவத்தின் சில நாள்கள் வீணாகும். எனவே, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் பருத்தியையும் சோளத்தையும் விதைப்பர். இதனைப் புழுதி விதைப்பு என்பர். 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், பல்லாண்டு மழைக் குறிப்புகளை ஆராய்ந்து இம்முறையைப் பரிந்துரைத்து வந்துள்ளது. மழை எந்த நாளில் விழும் என்பதை அவ்வுழவர் அறியார். எந்த வாரங்களில் விழுவது வழக்கம் என்பதை அறிவார். அவ்வறிவே விதையை மண்ணில் இடப் போதுமானது.

சில ஆண்டுகளில் மழை பொய்த்து விதை வீணாவதும் உண்டு. அதற்காக எவரும் அம்முறையைக் கைவிடவில்லை. விதை போனால் இழப்பு சிறிது. பருவம் போனால் இழப்பு ஓராண்டு. இந்தக் கணக்கையே கடற்கரைக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். நாள் தெரியாமை, ஆயத்தமின்மைக்குக் காரணமாகாது. நாள் தெரியாமைதான் எப்போதும் ஆயத்தமாக இருப்பதற்குக் காரணம்.

இரண்டரை மணி நேரம்

2004இல் நடுக்கம் நிகழ்ந்தபோது இந்திய நேரம் காலை 6.28. அலை சென்னையை அடைந்தபோது ஏறத்தாழ 9 மணி. இடைப்பட்ட இரண்டரை மணி நேரத்தில், கரையிலிருந்தோர் ஒரு கிலோமீட்டர் உள்நோக்கி நடந்திருந்தால் பெரும்பாலோர் உயிர் பிழைத்திருப்பர். உலகெங்கும் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அலையின் வேகத்தைவிடச் செய்தியின் வேகம் மிகுதி. ஆனால், அன்று செய்தியைப் பெறவும் சொல்லவும் அமைப்பு இல்லை.

ஓரிடத்தில் மட்டும் செய்தி முந்தியது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் பணியாற்றி வந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்ட அவர், ஊருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை முழங்கியது. மக்கள் வெளியேறினர், ஊரார் உயிர் தப்பினர். மீனவர்க்குக் கடலின் நிலையை நாள்தோறும் அறிவிப்பதற்காக வைக்கப்பட்ட ஒலிபெருக்கி அது. அன்றாடம் பயன்பட்டதால்தான் அன்றும் பயன்பட்டது.

அப்பேரழிவுக்குப் பின், ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள் சில நிமிடங்களில் நடுக்கத்தின் இடத்தையும் அளவையும் கணிக்கின்றன. கடலடி அழுத்தப் பதிவிகளும் கடல்மட்ட அளவிகளும் அலை உண்மையிலேயே எழுந்ததா என்பதைச் சொல்கின்றன. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்தபோது, எச்சரிக்கை விரைந்து வந்தது. தமிழகக் கடற்கரையிலிருந்து மக்கள் அகன்றனர். ஆனால், தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது. கடற்றரை பெரிதாக உயரவில்லை, பேரலையும் எழவில்லை. பதிவிகளின் செய்தியைக் கொண்டு அன்றே எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

'வீண் அச்சம்' என்று அதனைச் சிலர் குறை கூறினர். தொழிலை விட்டு ஓடிய ஒருநாள் இழப்பு மீனவர்க்குச் சிறிதன்று. அதை மறுக்க இயலாது. எனினும், அது வீண் அச்சமன்று. புழுதியில் இட்ட விதை. குறை தீர வழி, எச்சரிக்கையைக் குறைப்பதன்று. ஆழ்கடல் பதிவிகளை இடையறாது பழுது பார்த்து, எண்ணிக்கையைப் பெருக்கி, எச்சரிக்கையை மேலும் துல்லியமாக்குவதே. அமைதியான ஆண்டுகளில் கருவிகளுக்குச் செலவிடத் தயங்கும் மனப்பான்மையே இக்கண்காணிப்பின் பெரும்பகை.

சொல்லும் கல்லும்

கருவி தரும் செய்தி, இறுதியில் மனிதரின் காலில் சென்று முடிய வேண்டும். அதற்குத் துணை செய்வது சொல். சுமத்திராவுக்கு அருகிலுள்ள சிமெலுவே தீவில் 1907ஆம் ஆண்டு பேரலை பலரை மாய்த்தது. அங்குள்ளோர் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டனர். தாலாட்டாகவும் கதையாகவும் அச்சொல் வழிவழி வந்தது. அதன் பொருளுக்குள் ஓர் ஆணையும் இருந்தது: நிலம் நெடுநேரம் நடுங்கினால், குன்றை நோக்கி ஓடு. 2004இல் அத்தீவை அலை அடையச் சில நிமிடங்களே ஆயின. எந்தக் கருவியின் எச்சரிக்கையும் அங்குச் சென்றிருக்க இயலாது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் மட்டுமே.

நம் மொழியிலும் இதற்கு ஒரு பழஞ்சொல் உண்டு. 'கடல்கோள்' என்பது அது. பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. தமிழ்ச்சங்கங்கள் இருந்த பழம்பதிகளைக் கடல் கொண்டதாக இறையனார் களவியல் உரை மொழிகிறது. ஆனால், நம் சொல் இழப்பைச் சொன்னது. செய்ய வேண்டுவதைச் சொல்லவில்லை. ஏட்டில் வாழ்ந்தது; கரையில் வாழவில்லை. அதற்குள் ஓர் ஆணையை வைப்பது நம் தலைமுறையின் கடமை.

அவ்வாணையை அயலாரிடமிருந்து அப்படியே கடன் வாங்கவும் இயலாது. கடல் உள்வாங்கினால் ஓடு என்பது தாய்லாந்துக் கரைக்குப் பொருந்தும். ஏனெனில், அகழியின் கிழக்கே அலையின் பள்ளம் முதலில் சென்றது. மேற்கேயுள்ள இந்தியாவையும் இலங்கையையும் நோக்கிப் பெரும்பாலும் அலையின் மேடே முதலில் வந்தது. கடல் பின்வாங்கட்டும் என்று காத்திருப்பவரை நம் கரை காக்காது. சிமெலுவேயில் உணர்ந்ததைப் போன்ற பெருநடுக்கத்தையும் நம் கரை உணராது. ஆகவே, நமக்குரிய பாடம் இது: அகழியில் பெருநடுக்கம் என்ற அறிவிப்பு வந்தால் உடனே கரையை விட்டு அகல், முதல் அலை வடிந்ததும் திரும்பாதே, அடுத்த அலை அதனினும் பெரிதாக இருக்கலாம்.

சொல்லுக்குத் துணை கல். ஜப்பானின் அனெயோஷி என்னும் சிற்றூரில், இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என முன்னோர் கல்லில் பொறித்து நிறுத்தினர். ஊரார் அக்கட்டளைக்குப் பணிந்தனர். 2011 மார்ச் 11இல் எழுந்த பேரலை அக்கல்லை எட்டாமலே நின்றது. அதே நாட்டின் செண்டாய்ச் சமவெளியிலோ, 869ஆம் ஆண்டின் பேரலை விரித்த மணலை ஆய்வாளர்கள் 2011க்கு முன்பே கண்டறிந்திருந்தனர். அவ்வறிவு ஆய்வேட்டைக் கடந்து காலத்தே செயலாகவில்லை. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்த மரபினர் நாம். 2004இல் நீர் எட்டிய எல்லையை, கடலோர ஊர்தோறும் கல்லிட்டுக் காட்டுவது நமக்கு அரிய செயலன்று. நினைவுத்தூண் துயரைக் காக்கும். எல்லைக்கல் உயிரைக் காக்கும்.

ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய இரு கடலோர ஊர்கள், ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான ஊர்கள் என்னும் அறிந்தேற்பை 2020இல் யுனெஸ்கோவின் பெருங்கடல் ஆணையத்திடமிருந்து பெற்றன. வெளியேறும் வழிகளைக் குறித்த வரைபடம், ஒத்திகை, ஊர்க்குழு ஆகிய எளிய பணிகளே அதற்கு அடிப்படை. வேம்பார் முதல் பழவேற்காடு வரை, தமிழகக் கடலோரத்தின் ஒவ்வோர் ஊரும் அத்தகுதியைப் பெற வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 5ஆம் நாள் உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் கடலோரப் பள்ளிகள் உரையோடு நின்றுவிடாமல், மேட்டுநிலம் வரை நடந்து பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவது

கார் நிக்கோபார் நடுக்கத்தின் அலை சென்னையில் பதிவானதற்கு அடுத்த ஆண்டு, 1882 டிசம்பரில், எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தார். பிறநாட்டு அறிவியல் தமிழில் வந்து சேர வேண்டும் என்று விரும்பியவர் அவர். அதே கரிசல் மண்ணில் பிறந்த கி. ராஜநாராயணன், மக்கள் நாவில் வழங்கிய சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். இவ்விருவரின் பணியும் இங்கு ஒருசேரத் தேவைப்படுகின்றன. எச்சரிக்கைச் செய்தி கரையிலுள்ள மூதாட்டிக்கும் சிறுவனுக்கும் ஒரே கேட்பில் விளங்கும் தமிழில் அமைய வேண்டும். கடலோர மக்கள் அலையையும் நீரோட்டத்தையும் காற்றையும் குறிக்க வழங்கும் சொற்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டே அதனை எழுத வேண்டும்.

இன்று பள்ளியில் பயிலும் மாணவருள் பெரும்பாலோர் 2004க்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்கு அந்நாள் பெற்றோர் சொல்லும் கதை. அவர்தம் பிள்ளைகளுக்கு அது வரலாற்றில் ஒரு வரி. அகழியின் கணக்கோ நூற்றாண்டுகளில் நடப்பது. மனித நினைவு தேயும் வேகத்திற்கும் நிலத்தின் இறுக்கம் சேரும் வேகத்திற்கும் இடையே உள்ள இந்த வேறுபாடுதான் உண்மையான ஆபத்து. கருவி, கல், சொல் ஆகிய மூன்றும் அவ்விடைவெளியை நிரப்புவதற்கானவை.

நிலம் தன் நாளைச் சொல்லாது. தன் வழக்கத்தைப் பவளத்திலும் மணலிலும் சொல்லி வைத்திருக்கிறது. அதைக் கற்பதும், கற்றதை அடுத்த தலைமுறையின் நாவில் ஏற்றுவதும் நம்மால் ஆகும் செயல்களே. மழையின் நாளறியாமல் புழுதியில் விதைத்து வாழ்ந்த மண்ணின் மக்களுக்கு இது புதிய பாடமன்று. பழகிய பாடத்தைக் கடற்கரை வரை கொண்டு செல்வதே எஞ்சிய பணி.